குரோஷா பனிமனிதன்: ஓட்டை விழாமல், தலை சாயாமல் பின்ன

கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கிறிஸ்துமஸ் சீசனுக்காக உல்லன் நூலில் உள்ளங்கை அளவுப் பனிமனிதன் பொம்மைகள் குரோஷாவில் பின்னுகிறாராம். கொஞ்சம் வீட்டு மரத்தில் தொங்கவிட, மீதி ஏரிப்பக்கம் கடை வைத்திருக்கும் சித்தியிடம் கொடுத்து விற்க. ஆனால் உருண்டை நீளவாக்கில் இழுத்துக்கொண்டு போகிறது, கண்ணிகளுக்கு நடுவே பஞ்சு எட்டிப் பார்க்கிறது, தலை ஒரு பக்கம் தொங்குகிறது, நிற்க வைத்தால் விழுகிறது. மன்னவனூர் ஆட்டுக் கம்பளி வாங்கிப் பின்னினால் சரியாகுமா, ஒரு பொம்மைக்கு என்ன விலை வைக்கலாம் என்பது கேள்வி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நூலை மாற்றினால் இதில் எதுவும் சரியாகாது. நீங்கள் அனுப்பிய படங்களில் ஸ்கார்ஃப், பட்டன், தொப்பி, மினுமினுப்பு எல்லாம் கடை கடையாகத் தேடி வாங்கி ஒட்டியிருப்பது தெரிகிறது. பனிமனிதன் என்பது இரண்டு உருண்டை, அவ்வளவுதான். உருண்டை உருண்டையாக இருந்தால் இரண்டு கறுப்புப் புள்ளி வைத்தாலே போதும். உருண்டை சரியில்லை என்றால் மேலே என்ன ஒட்டினாலும் எடுபடாது. அதனால் முகத்தைக் கடைசியில் பார்ப்போம்.

ஊசியில் ஆரம்பிக்கலாம். ஸ்வெட்டரோ சால்வையோ பின்னும்போது நூல் லேபிளில் போட்டிருக்கும் ஊசி அளவைப் பார்த்து எடுப்போம். பொம்மைக்கு அந்த அளவு உதவாது, ஏனென்றால் அது துணி குழைந்து மடங்கி விழ வேண்டும் என்பதற்காகப் போட்டது. பொம்மைக்குத் துணி விறைப்பாக நிற்க வேண்டும், உள்ளேயிருந்து பஞ்சு தள்ளினாலும் கண்ணி வாய் திறக்கக் கூடாது. லேபிளில் 4 மில்லிமீட்டர் என்று இருந்தால் 2.5 அல்லது 2.75 எடுங்கள். நாலைந்து சுற்று பின்னியதும் அதை விரல் நுனியில் தொப்பி போல மாட்டி, கொஞ்சம் இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். விரலின் தோல் தெரிந்தால் இன்னும் ஒரு அளவு சின்ன ஊசிக்குப் போக வேண்டும். பெரிய ஊசியை வைத்துக்கொண்டு நூலை இறுக்கி இறுக்கி இழுத்துச் சமாளிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பொம்மைக்குச் சமாளிக்கலாம், ஐந்தாவது பொம்மைக்கு மணிக்கட்டு வலி வந்துவிடும், அதுவும் டிசம்பர் காலையில் விரல் விறைத்துப்போயிருக்கும் நேரத்தில் கேட்கவே வேண்டாம். நூல் விரலில் இயல்பாகவே ஓடட்டும், இறுக்கம் ஊசியின் அளவிலிருந்து வரட்டும்.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஊசியைக் கண்ணிக்குள் விட்ட பிறகு நூலை ஊசியின் மேல் சுற்றி இழுப்பதுதான் வழக்கமான முறை. அப்படிச் செய்யாமல் ஊசியை நூலின் மேல் கொண்டுபோய், நூலைக் கீழிருந்து அப்படியே கொக்கியில் மாட்டி இழுத்துப் பாருங்கள். இரண்டாவது முறை, அதாவது கண்ணியை முடிக்கும்போது, வழக்கம் போல மேலே சுற்றினால் போதும். இப்படிப் பின்னினால் கண்ணியின் முகம் பெருக்கல் குறியாக வரும், வழக்கமான முறையில் வரும் அம்பு முனை வடிவத்தைவிட இறுக்கமாகவும் சின்னதாகவும் இருக்கும். பொம்மை கொஞ்சம் குட்டியாகும், ஆனால் ஓட்டைப் பிரச்சினை பாதி அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு பொம்மைக்குள் இரண்டு முறையையும் கலக்காதீர்கள்.

படத்தில் உள்ள இரண்டாவது பொம்மையைப் பார்த்தால் எனக்கு வேறு ஒரு சந்தேகமும் வருகிறது. அதில் கண்ணிகள் உயரமாக இருக்கின்றன. கான்வென்ட்டில் கற்றுக்கொண்ட பெரியவர்கள் 'டபுள்' என்று சொல்வது பிரிட்டிஷ் கணக்கு, யூடியூபில் பெரும்பாலும் வரும் அமெரிக்கக் கணக்கில் அதே கண்ணிக்குப் பெயர் 'சிங்கிள்'. வீட்டில் அத்தை டபுள் போடு என்று சொல்ல, நீங்கள் வீடியோவில் டபுள் பார்த்துப் பின்னினால் அது இரண்டு மடங்கு உயரமான கண்ணி, ஓட்டை விழாமல் என்ன செய்யும்? பொம்மைக்கு வேண்டியது இருப்பதிலேயே குட்டையான முழுக் கண்ணி. கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம், அந்த இரண்டையும் ஒரே இழுப்பில் முடித்தால் அதுதான். நான் இங்கே சிங்கிள் என்றே எழுதுகிறேன்.

இனி உருண்டை. எல்லா வீடியோவிலும் 6 கண்ணியில் ஆரம்பித்து ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட்டச் சொல்வார்கள், ஏன் 6 என்று சொல்ல மாட்டார்கள். தட்டையான வட்டம் ஒன்றின் ஆரத்தை ஒரு கண்ணி உயரம் கூட்டினால் சுற்றளவு அதைப் போல 6.28 மடங்கு கூடும், பள்ளியில் படித்த 2π தான். சிங்கிள் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்று என்பதால் சுற்றுக்கு ஆறு கண்ணி கூட்டினால் வட்டம் படிந்து உட்கார்கிறது. எட்டு கூட்டினால் ஓரம் நெளியும், நாலு கூட்டினால் கூம்பாகும். கூட்டுவதை நிறுத்திவிட்டு நேராகப் பின்னினால் சுவர் எழும்பும். எழும்பிய பிறகு அதே ஆறு ஆறாகக் குறைத்தால் மூடிக்கொள்ளும். எத்தனை சுற்று கூட்டினோமோ அதே எண்ணிக்கை, போனால் ஒன்று அதிகம், நேர்ச்சுற்று போட்டால் உருண்டை. உங்கள் பொம்மை நீண்டு போவதற்கு இதுதான் காரணம். நாலு சுற்று கூட்டிவிட்டு எட்டு, ஒன்பது சுற்று நேராகப் போயிருக்கிறீர்கள், படத்தில் எண்ணிப் பார்த்தேன்.

தலையிலிருந்து கீழே ஒரே துண்டாகப் பின்னும் கணக்கு ஒன்று தருகிறேன், கழுத்தில் ஒட்டுத் தையலே வேண்டாம். மேஜிக் ரிங்கில், அதாவது நுனியை இழுத்தால் சுருங்கி மூடிக்கொள்ளும் நூல் வளையத்தில், 6 சிங்கிள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டால் 12. மூன்றாம் சுற்றில் ஒன்று பின்னி அடுத்ததில் இரண்டு போட்டால் 18, நாலில் இரண்டு பின்னி அடுத்ததில் இரண்டு போட்டால் 24. ஐந்து முதல் எட்டு வரை கூட்டாமல் குறைக்காமல் 24. ஒன்பதில் இரண்டு பின்னி அடுத்த இரண்டைச் சேர்த்துக் குறைத்தால் 18, பத்தில் ஒன்று பின்னி இரண்டைச் சேர்த்தால் 12, இதுதான் கழுத்து. பதினொன்றில் மறுபடி 18, பன்னிரண்டில் 24, பதிமூன்றில் மூன்று பின்னி அடுத்ததில் இரண்டு போட்டு 30. பதினாலு முதல் பத்தொன்பது வரை 30. இருபதில் 24, அப்புறம் 18, 12, கடைசியாக இருபத்து மூன்றாம் சுற்றில் 6. மொத்தம் 500 கண்ணிக்கு இரண்டு குறைவு. சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் நடுத்தர உல்லன் நூலும் 2.5 ஊசியும் என்றால் 7, 8 சென்டிமீட்டர் உயரம் வரும், வெள்ளை நூல் ஏழெட்டு கிராமுக்கு மேல் ஆகாது. 50 கிராம் உருண்டை ஒன்றில் ஐந்தாறு பொம்மை தாராளமாக எடுக்கலாம்.

சுற்று முடிவில் ஸ்லிப் (நூலை எடுத்து எல்லா வளையம் வழியாகவும் ஒரே இழுப்பில் இழுக்கும் கண்ணி) போட்டு மூடாதீர்கள், தழும்பு மாதிரி முதுகில் ஒரு கோடு தெரியும். சுருளாகவே போய்க்கொண்டிருங்கள். ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் ஒரு ஊக்கு மாட்டி, சுற்று முடிய முடிய எடுத்து மேலே மாற்றுங்கள். விலை கொடுத்து வாங்கும் பிளாஸ்டிக் மார்க்கரும் செய்வது இதைத்தான். அப்புறம் ஒரு விஷயம், கூட்டல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்துக்கு மேல் ஒரே இடமாக விழுந்தால் வட்டம் அறுகோணமாகும், தலையில் ஆறு மூலை தெரியும். நாலாம் சுற்றில் 'இரண்டு, கூட்டல்' என்பதை 'ஒன்று, கூட்டல், ஒன்று' என்று மாற்றிப் போட்டால் போதும், எண்ணிக்கை அதே 24, மூலை கலைந்துவிடும். பதிமூன்றாம் சுற்றுக்கும் இதே வைத்தியம்.

குறைக்கும் இடம்தான் பெரும்பாலானவர்களுக்கு ஓட்டை விழும் இடம். சாதாரணமாக இரண்டு கண்ணியைச் சேர்ப்பது என்றால் முதல் கண்ணிக்குள் ஊசி விட்டு நூல் இழுத்து, இரண்டாவதிலும் இழுத்து, மூன்று வளையத்தையும் ஒன்றாக முடிப்போம். இதில் ஒரு முண்டும் அதன் பக்கத்தில் ஒரு சந்தும் நிச்சயம். இதற்குப் பதிலாக, கண்ணியின் தலையில் உள்ள இரண்டு இழைகளில் உங்களைப் பார்த்து இருக்கும் முன் இழையில் மட்டும் ஊசியை விடுங்கள். நூலை இழுக்காமல் அப்படியே அடுத்த கண்ணியின் முன் இழையையும் கோத்துக்கொள்ளுங்கள். இப்போது ஊசியில் மூன்று வளையம் இருக்கும். நூலை ஒரு முறை எடுத்து முதல் இரண்டு வழியாக இழுங்கள், பிறகு மீதி இரண்டையும் வழக்கம் போல முடியுங்கள். பின் இழைகள் இரண்டும் உள்ளே மடங்கிப் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் மற்ற கண்ணிகளுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. முதல் சில முறை அந்த முன் இழையைத் தேடுவதற்குள் பொறுமை போகும், அதுவும் வெள்ளை நூலில் ராத்திரி பல்பு வெளிச்சத்தில். பகலில் செய்யுங்கள், அல்லது முதலில் வெளிர் நீலத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

பஞ்சு விஷயத்தில் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு ஆசை வரும். மலையிறங்கினால் தேனி, அங்கிருந்து போடி, இலவம்பஞ்சுக்குப் பேர் போன ஊர், வீட்டில் பழைய தலையணையும் இருக்கும், அதையே அடைத்துவிடலாம் என்று. இலவம்பஞ்சு லேசானது, இழையில் மெழுகுத் தன்மை இருப்பதால் தண்ணீரையும் சட்டென்று குடிக்காது, மெத்தைக்கு அருமை. ஆனால் இழை மிக நுண்ணியது, வழவழப்பானது, கண்ணிச் சந்து வழியே ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டே இருக்கும், அடைக்கும்போது மூக்கிலும் ஏறும், போகப் போக அமுங்கிக் கட்டியாகும். கட்டாயம் அதுதான் வேண்டும் என்றால் பழைய சாக்ஸ் துண்டில் கட்டி உள்ளே வைக்க வேண்டும். இத்தனை சின்னப் பொம்மைக்கு அந்தப் பாடு எதற்கு? தலையணைக் கடையில் ரெக்ரான் என்று கேட்டால் கொடுக்கும் பாலியஸ்டர் பஞ்சு போதும்.

அதையும் கிள்ளிக் கிள்ளிச் சின்ன உருண்டையாக அடைக்காதீர்கள், வெளியே மேடு பள்ளம் தெரியும். ஒரு கைப்பிடியை நன்றாகப் பிய்த்து உதறி, ஒரே மேகமாக்கித் தலைக்குள் விட்டு, பென்சிலின் மழுங்கிய முனையால் ஓரங்களுக்குத் தள்ளி, அப்புறம் நடுவில் நிரப்புங்கள். தலையைப் பத்தாம் சுற்று முடிந்ததும் அடைத்துவிட வேண்டும், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் 12 கண்ணிக் கழுத்து வழியாகப் பஞ்சு மேலே ஏறாது. உங்கள் பொம்மைகளின் தலை தொங்குவதற்குக் காரணமும் கழுத்துதான், தலை இல்லை. தலையும் உடம்பும் கெட்டியாக இருக்கின்றன, நடுவில் அந்த ஒரு சென்டிமீட்டர் மட்டும் காலி. பதினொன்று, பன்னிரண்டு சுற்று முடிந்ததும் நிறுத்தி, ஒரு கொத்துப் பஞ்சை இறுக்கமாக முறுக்கித் திரியாக்கி, பாதி தலைக்குள்ளும் பாதி உடம்புக்குள்ளும் இருக்கும்படி கழுத்தில் செருகுங்கள். தலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், உடம்பும் சேர்ந்து ஆட வேண்டும். அப்படி ஆடினால் அந்தத் திரி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மரத்தில் தொங்கும் பொம்மைக்கு அடி உருண்டையாகவே இருக்கலாம். மேஜையில் நிற்க வேண்டியது என்றால் இருபதாம் சுற்றை மட்டும் பின் இழையில் பின்னுங்கள், அங்கே ஒரு விளிம்பு மடிந்து அடிப்பாகம் தட்டையாகும். அந்தச் சுற்று முடிந்ததும், வாய் இன்னும் 24 கண்ணி அகலம் இருக்கும்போதே, ஐஸ்கிரீம் டப்பா மூடியிலிருந்து வெட்டிய மூன்றரை சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை வளைத்து உள்ளே விடுங்கள். அட்டை வேண்டாம், துவைத்தால் கூழாகும். கனத்துக்கு ஒரு கோலிக்குண்டைத் துணியில் சுற்றிப் பஞ்சுக்கு நடுவில், கீழ்ப்பக்கமாக வையுங்கள். சிலர் பச்சைப் பயறு, அரிசி எல்லாம் போடச் சொல்வார்கள், வறண்ட ஊரில் சரி, இங்கே இருக்கும் ஈரத்துக்கு அடுத்த சீசனுக்குள் பூச்சி வந்துவிடும்.

இப்போது மன்னவனூர் கம்பளி. அங்கே மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, பாரத் மெரினோ ஆடுகள் வளர்க்கிறார்கள், அந்தக் கம்பளி மெல்லியது, நல்ல தரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆட்டின் உடம்பிலிருந்து கத்தரித்த கம்பளி வேறு, பின்னும் நூல் வேறு. கழுவி, கொழுப்பை எடுத்து, சிக்கெடுத்து, திரித்து, இரண்டு மூன்று இழை சேர்த்து முறுக்கிய பிறகுதான் குரோஷா ஊசியில் பிரியாமல் நிற்கும். அதோடு இயற்கைக் கம்பளி வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை, நீங்கள் தேடும் பளீர் வெள்ளை இல்லை. நல்ல கம்பளி நூல் கைக்குக் கிடைத்தால் உங்கள் வீட்டுக்கு என்று ஒன்றிரண்டு பின்னி வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கு அக்ரிலிக்தான் என்பது என் முடிவு. விலை ஒரு காரணம், ஈரம் அதைவிடப் பெரிய காரணம். காற்றிலிருந்து இழுத்து வைத்துக்கொள்ளும் ஈரம், ஜவுளித் தொழிலில் வைத்திருக்கும் கணக்குப்படி, கம்பளிக்கு 16 சதவீதம், பருத்திக்கு 8.5, அக்ரிலிக்குக்கு ஏறத்தாழ 1.5, பாலியஸ்டருக்கு 0.4. மதியம் மூன்று மணிக்கே மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வரும் ஊரில் இந்த எண்கள் காகிதத்தோடு நிற்பதில்லை. பருத்தி நூல் பொம்மையில் கண்ணி அழகாகத் தெரியும், படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் ஒரு முறை நனைந்தால் உள்ளே காய நாளாகும், புளித்த வாடை வரும். கம்பளியில் பூச்சி அரிக்கும் பயம் வேறு.

அக்ரிலிக் வாங்கும்போது லேபிளில் லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் நிறம் ஏற்றிய நூலுக்குப் போடும் எண், பாருங்கள். வெள்ளைதானே, எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும். இரண்டு லாட் வெள்ளையை ஒரே பொம்மையில் பின்னி வெயிலில் வையுங்கள், தலை ஒரு நிறம், வயிறு ஒரு நிறம் தெரியும். பின்னும்போது நூல் உருண்டையைத் துணிப்பைக்குள் போட்டு நுனியை மட்டும் வெளியே விடுங்கள். விறகடுப்பு எரியும் வீடு என்றால் அடுப்படியில் உட்கார்ந்து பின்னவே வேண்டாம், குளிருக்கு இதமாகத்தான் இருக்கும், ஆனால் புகை வாடை பஞ்சு வரைக்கும் இறங்கிவிடும், வாங்குகிறவர் முதலில் மோந்து பார்ப்பார். ஸ்கார்ஃபுக்கும் தொப்பிக்கும் புது நூல் கூட வேண்டாம், பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நனைத்து, கனம் கட்டித் தொங்கவிட்டுச் சுருக்கம் எடுத்தால் எத்தனையோ நிறம் கிடைக்கும். சிவப்புப் பருத்தி நூல் மட்டும் கவனம், ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்காமல் பொம்மைக் கழுத்தில் கட்டாதீர்கள்.

சரி, முகம். ஆறாம் சுற்றுக்கும் ஏழாம் சுற்றுக்கும் நடுவில், நாலு கண்ணி இடைவெளியில் இரண்டு கண். பின்னால் வாஷர் வைத்து அழுத்தும் பிளாஸ்டிக் கண் என்றால் தலையை அடைக்கும் முன்பே மாட்ட வேண்டும், மாட்டிய பிறகு கழட்ட முடியாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகும் பொம்மையில் அதுவும் வேண்டாம், பட்டன், மணி எதுவும் வேண்டாம், பிய்த்து வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். கறுப்பு நூலில் முடிச்சுப் போட்டே கண் வைக்கலாம், எனக்கு அதுதான் அழகு என்று படுகிறது. சுருளாகப் பின்னும்போது கண்ணிகள் மேலே போகப் போக ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும், அதனால் முகத்தின் நடுக்கோட்டை கண்ணியை எண்ணி மேலிருந்து கீழே இறக்காதீர்கள், மூக்கும் வயிற்றுப் பட்டனும் கோணலாகிவிடும். குண்டூசி குத்தி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்து, அப்புறம் தையுங்கள். மூக்குக்கு ஆரஞ்சு நூலில் நாலு செயின் (சங்கிலிக் கண்ணி), திரும்பி வரும்போது ஒரு ஸ்லிப், இரண்டு சிங்கிள், முடிந்தது.

தொப்பி பற்றி ஒரு யோசனை. எல்லோரும் வைக்கும் கறுப்பு உருளைத் தொப்பியை விடுங்கள். நம் ஊரில் பனிக்காலத்தில் யார் அதைப் போடுகிறார்கள்? மங்கி குல்லா பின்னிப் போடுங்கள். இங்கே கொடைக்கானலில் 2,133 மீட்டர் உயரத்திலும் வானத்திலிருந்து பனி கொட்டுவதில்லை, புல்லில் உறைபனி படிவதோடு சரி, ஆகையால் பனிமனிதனே வெளியூர்க்காரன்தான், நம் ஊர்க் குளிருக்கு நம் ஊர்க் குல்லாவைப் போட்டுக்கொள்ளட்டும். சுற்றுலா வருகிறவர்கள் கொடைக்கானலில் இருந்து கொண்டுபோகும் பொருளில் கொடைக்கானல் கொஞ்சமாவது இருக்கும். 3.5 ஊசியில், பழுப்போ அடர் பச்சையோ எடுத்து, மேலே சொன்னபடி 6, 12, 18, 24, 30 என்று கூட்டுங்கள். 30 வந்ததும் முகத்துக்கு 9 கண்ணியை விட்டுவிட்டு மீதி 21 கண்ணியில் போய்த் திரும்பி நாலு வரிசை. பிறகு 9 செயின் போட்டு மறுபுறம் சேர்த்து மறுபடி வட்டமாக ஒரு சுற்று, அடுத்த சுற்றில் 24 ஆகக் குறைத்து முடித்துவிடுங்கள். நூல் இழுபடும், தலை நுழையும். கழுத்தை அதுவே மூடிவிடுவதால் ஸ்கார்ஃப் இஷ்டம்தான். வேண்டுமானால் 45 செயின் போட்டு ஒரே ஒரு வரிசை சிங்கிள்.

பட்டனுக்கும் காசு செலவழிக்க வேண்டாம். தைல மரத்துக் காய், அதாவது யூகலிப்டஸ் காய், சாலையோரத்தில் உதிர்ந்து கிடக்கும், மேல்பக்கம் நட்சத்திரக் கீறலோடு பட்டன் வடிவத்திலேயே இருக்கும். நன்றாக உலர்ந்ததாகப் பொறுக்கி, மேலும் சில நாள் வெயிலில் வைத்துப் பிறகு கட்டுங்கள், பச்சைக் காயை வைத்தால் வெள்ளை நூலில் கறை ஏறும்.

தொங்கவிடும் கயிற்றை உச்சந்தலையின் நடுவில் தைக்காமல் ஒரு சுற்று பின்னால் தள்ளித் தைத்தால் பொம்மை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் பார்க்கும், நடுவில் தைத்தால் மூக்குக் கனத்துக்கு முகம் கவிழும். மெழுகுவர்த்தி பக்கத்தில் அக்ரிலிக் பொம்மையைக் கொண்டுபோகவே கூடாது, தீப்பிடிக்கும், உருகிச் சொட்டும், தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். எல்இடி சீரியல் விளக்கு பரவாயில்லை. அழுக்கானால் பச்சைத் தண்ணீரில் ஷாம்பு கலந்து அமுக்கி அலசி, துண்டில் சுற்றிப் பிழிந்து, காற்றில் காய வையுங்கள். அயர்ன் பாக்ஸ் பக்கம் போக வேண்டாம், சூடு பட்ட அக்ரிலிக் தொய்ந்துபோனால் திரும்ப வராது.

கடைசியாக விலை. நூல், பஞ்சு, கண் எல்லாம் சேர்த்து 25 ரூபாய்க்குள் அடங்கிவிடும், அதைப் பார்த்துவிட்டு 60, 70 என்று விலை சொல்லிவிடாதீர்கள். கை பழகினவர்களுக்கே குல்லாவோடு சேர்த்து இரண்டு மணி நேரம் போகும். குரோஷாவை மெஷினில் ஓட்டி எடுப்பது ஸ்வெட்டர் பின்னலைப் போல நடக்கிற காரியம் இல்லை. கடையில் மலிவாகத் தொங்கும் குரோஷா பொம்மையும் எங்கோ ஒரு கை பின்னியதுதான், அந்தக் கைக்குக் குறைவாகக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவே. ஆந்திராவில் நரசாபூர் பக்கம் குரோஷா லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் எழுதியதும் இதைத்தான்: ஏற்றுமதிக்குப் போகும் சரக்கைப் பின்னுகிறவர்களை வீட்டில் ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிற குடும்பப் பெண்கள் என்று வைத்துவிட்டால் கூலியைக் குறைப்பது சுலபம். என் கணக்கில் 200 ரூபாய்க்குக் கீழே போக வேண்டாம். சித்தி கடைக்குக் கமிஷன் கொடுப்பதாக இருந்தால் அதை இந்த 200க்கு மேல் வையுங்கள். பேரம் பேசுகிறவருக்குக் குல்லா இல்லாத குட்டிப் பொம்மை ஒன்றைக் காட்டுங்கள், 24 கண்ணியில் உடம்பும் 18 கண்ணியில் தலையும் வைத்தால் நேரம் பாதிதான் ஆகும், விலையையும் குறைத்துச் சொல்லலாம். பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுக்காதீர்கள், ஒரு தடவை போட்டுத் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாடு முழுக்கத் தடை, மலையில் கெடுபிடி இன்னும் அதிகம். செய்தித்தாள் மை வெள்ளைப் பொம்மையில் ஒட்டும், அதனால் வெறும் பழுப்புத் தாள் பை.

இன்னும் ஒன்று, ஸ்கார்ஃபில் 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று எழுத்துத் தைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தைக்க வேண்டாம். சாண்டா பொம்மை டிசம்பர் 25 தாண்டினால் கடையில் தூங்கும். பனிமனிதனுக்கு அந்தக் கெடு கிடையாது. புத்தாண்டுக்கும் பொங்கல் லீவுக்கும் கூட்டம் ஏறி வரும், உறைபனி பார்க்க என்றே பிப்ரவரி வரை ஆட்கள் வருவார்கள். எழுத்துத் தைத்த பொம்மை அதற்குள் பழைய சரக்காகிவிடும்.